பந்தோடு போன கண்

பிப்ரவரி 3, திங்கள்

நேற்றைய கூடைப்பந்து ஆட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் மடங்கி, ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் பார்த்த அத்தனை பேரும் பார்த்தார்கள், வர்ணனை செய்த என்னைத் தவிர. "என்ன அழகான வளைவு, ரிங்கைத் தொடாமலே வலைக்குள் இறங்கியது பாருங்கள்" என்று முழுதாகப் பத்து நொடி பந்தைப் புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

காலையில் முகிலன் கூப்பிட்டார். எங்கள் சேனலின் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். என்னைவிட ஏழு வயது சின்னவர், ஆனால் அவர் பெயர் போனில் வந்தால் நான்தான் எழுந்து நிற்பேன்.

"மேடம், அந்தப் பொண்ணு கீழ கிடந்து துடிக்கிறா. நீங்க வளைவு, கிளைவுன்னு பேசிட்டிருக்கீங்க. நெட்டுல எல்லாரும் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாங்க."

"நான் பந்தைப் பாத்துட்டிருந்தேன் முகிலன்."

"எப்பவுமே அதைத்தான் பாக்கறீங்க. உங்க பழைய மேட்ச் எல்லாம் போட்டுப் பாத்தேன். ஒன்பது வருசத்துல, ஷூட் பண்ணவங்க தரையில இறங்கறதை நீங்க ஒரு வாட்டிகூடச் சொன்னதில்லை. ஒரு வாட்டிகூட."

வேலை இல்லாதவன் பூனையைச் சிரைத்தானாம். இதையெல்லாமா உட்கார்ந்து எண்ணுவார்கள்? பந்து எங்கேயோ அங்கேதான் ஆட்டம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். பதினான்கு வருடம் வங்கி அணிக்கு ஆடியவள், நாட்டுக்காக ஆடியவள், எனக்குத் தெரியாதா எங்கே பார்க்க வேண்டும் என்று.

ஆட்டக்காரர்களின் பெயரும் எண்ணும் குறித்துவைக்கும் நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். தூக்கம் வராதபோது எழுதச் சொன்னார் டாக்டர். தூக்கம் வராமல் ரொம்ப நாளாகிறது.

பிப்ரவரி 5, புதன்

அமலன் முருங்கைக்காய் வாங்கி வந்துவிட்டார். கல்யாணமாகிப் பதினேழு வருடமாகியும் அது வேண்டாம் என்று சொன்னது இந்த மனிதருக்கு ஞாபகம் இருப்பதில்லை. அவர் நாலு காயைக் கையில் எடுத்து ஒடிக்கப் போனார். பிடுங்கிக்கொண்டேன்.

"கத்தியில நறுக்கித் தரேன், குடுங்க."

"ஊர்ல எல்லாரும் ஒடிப்பாங்க. நீ மட்டும் ஏன் ஜெசி இப்படி?"

ஒடித்தால் நார் சரியாக வராது என்றேன். நறுக்கினால் சத்தம் வராது என்பதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, சனி

சேனலில் புதுத் தொடர் ஒன்று. பழைய போட்டிகளின் வீடியோவைத் தேடிப் பிடித்து, அதில் ஆடியவர்களையே தமிழில் வர்ணனை பேசவைப்பது. யோசனை முகிலனுடையது. எனக்கும் ஓர் ஆட்டம் எடுத்துவைத்திருக்கிறார்.

"2002 ஜனவரி. உடுமலை மகளிர் கோப்பை ஃபைனல். உங்க வாழ்க்கையையே மாத்தின மேட்ச்னு நீங்களே பேட்டியில சொல்லியிருக்கீங்க மேடம். அந்த ஊர் கேபிள்காரர் முழுசா எடுத்துவச்சிருக்காரு. கேசட்டு வந்துட்டே இருக்கு."

பேட்டியில் சொன்னேன்தான். வங்கி அணியில் சேர ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. தேர்வு செய்கிறவர்கள் மூன்று பேர் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள். மறுவாரம் எனக்கு வேலைக்கான உத்தரவு வந்தது. இந்த அளவுக்குப் பேட்டியில் சொல்வேன்.

அந்த மூன்று பேர் பார்க்க வந்தது என்னை இல்லை, தமயந்தியை. இதைப் பேட்டியில் சொன்னதில்லை. அரசு விளையாட்டு விடுதியில் நாலு வருடம் நானும் அவளும் ஒரே அறை. மேல் கட்டில் அவளுக்கு, கீழ்க் கட்டில் எனக்கு. அப்புறம் அவள் கோவையில் ஒரு கல்லூரிக்கும் நான் சென்னையில் ஒரு கல்லூரிக்கும் போனோம். அந்த ஃபைனலில் எதிரெதிர் அணி. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, ஷாட் அடித்து இறங்கியதில் அவளுக்கு இடது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. அதற்குப் பிறகு அவள் ஆடவில்லை. விபத்து.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசை நீளமாக இருந்ததால் திரும்பிவிட்டேன். வரிசையில் மூன்று பேர் இருந்தார்கள்.

பிப்ரவரி 12, புதன்

தமயந்தி போன் செய்தாள். வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்குத்தான் கூப்பிடுவாள், கேக் எங்கே என்று மிரட்டுவதற்கு. உடுமலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர் அவள். பின்னால் பந்தல்காரர்கள் கூச்சல், நாற்காலி இழுக்கும் சத்தம்.

"ஏ ஜெசி! உன்ற டிவிகாரர் எனக்குப் போன் போட்டாரு. நானும் வந்து உன்ற பக்கத்துல உக்காந்து பேசோணுமாம். ரெண்டு பேரும் சேந்து அந்த மேட்சைப் பாக்கோணுமாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

முகிலன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆச்சரியம் கொடுக்கிறாராம்.

"நீ எதுக்குடி அவ்வளவு தூரம்? முட்டியோட பஸ்ல..." என்றேன்.

"போச்சாது போ, ஒண்ணும் ஆகாது, ரயில்ல வாரேன். ஏன்புள்ள, நான் அந்த மேட்சை இன்னும் பாத்ததே இல்ல, தெரியுமா? கேபிள்காரரு அப்பவே போட்டாரு. எங்கம்மா டிவிய அணைச்சுப்போட்டாங்க. வேலைய கையில வெச்சுக்கிட்டுக் காலை ஒடிச்சுக்கிட்டவன்னு சாகற வரைக்கும் சொல்லீட்டேதான் செத்தாங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"தப்பு என்மேலதானே. இறங்கத் தெரியாம இறங்கினேன். மகிழினிக்கு அதைத்தான் சொல்லீட்டே இருக்கறேன். எம்பறது எல்லாரும் எம்பீருவாங்க, இறங்கறதுதாண்டி ஆட்டம்னு. தெனமும் அம்பது வாட்டி குதிச்சுக் காட்டோணும் எனக்கு, அப்புறந்தான் சோறு. அவ என்னையப் பைத்தியம்கறா."

மகிழினி அவள் மகள். பத்தாவது படிக்கிறாள், ஜில்லா அணியில் ஆடுகிறாள்.

"உன்னைய டிவில பாக்கறப்பெல்லாம் மண்டபத்துல எல்லாத்தையும் கூப்பிட்டுக் காட்டுவேன். இவ என்ற ரூம்மேட்டுன்னு. சமையக்காரரு நம்பறதே இல்ல. இப்ப நான் டிவில வந்தா நம்பித்தானே ஆகோணும்?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அமலன் தண்ணீர் வீணாகிறது என்று கதவைத் தட்டினார்.

பிப்ரவரி 13, வியாழன்

அன்று என்ன நடந்தது என்பதை எழுதிவைத்துவிட்டால் நல்லது. என் பயிற்சியாளர் செல்வின் மாஸ்டர் கடைசி இடைவேளையில் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "அவ இருபத்தேழு பாயிண்ட் போட்டுட்டா. இனிமே அவளுக்கு இடம் குடுக்காத" என்றார். மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். அவர் பேச்சை மீறி ஆடியவர்கள் எங்கள் கல்லூரியில் கிடையாது. அடுத்து அவள் எம்பினாள். இறங்கிய இடத்தில் ஒரு கால் இருந்தது. ஆட்டத்தில் அப்படி நடப்பதுண்டு.

மாஸ்டர் இப்போது இல்லை. இருந்தால் கேட்கலாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாஸ்டர் மேல் பழி போட்டு எழுதியதை அடிக்க வேண்டும். "இடம் கொடுக்காதே" என்றால் முன்னால் போய் நில், கையைத் தூக்கு என்று அர்த்தம். கூடைப்பந்து கற்றுக்கொள்ள வரும் ஏழு வயதுக் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

பிப்ரவரி 17, திங்கள்

நேற்று ஒரு லீக் ஆட்டம். ஹெட்போனில் யாரோ "தமா, தமா" என்று கூப்பிடுவது கேட்டது. ஒலிப்பதிவு செய்யும் யூசுப்பிடம் கேட்டேன், வேறு எந்த லைனாவது கலக்கிறதா என்று. எல்லாம் சரியாக இருக்கிறது மேடம் என்றார். உடுமலையில் தமயந்தியின் அம்மா சுவரோரம் நின்று அப்படித்தான் கூப்பிட்டார். அந்த அம்மாள் விடுதிக்கு வரும்போதெல்லாம் இரண்டு தூக்குவாளி கொண்டுவருவார், ஒன்று எனக்கு.

பிப்ரவரி 19, புதன்

கேசட்டைப் பார்த்தேன். ஸ்டூடியோவில் நான், முகிலன், யூசுப்.

ஏசி அதிகம் என்று சொல்லிச் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டேன். சாயங்கால வெயில், சிமெண்டுத் தரை, சுற்றிலும் சுவரேறி நிற்கும் கூட்டம். எட்டாம் எண் போட்டுக்கொண்டு ஒல்லியாக ஒருத்தி ஓடுகிறாள், அவள்தான் நான். ஐந்தாம் எண் தமயந்தியைப் பார்க்க வேண்டுமே. அவள் ஓடவில்லை, தரை தானாக அவள் காலுக்குக் கீழே வந்துகொண்டிருந்தது. முகிலன் வாயைப் பிளந்து பார்த்தார். "இவங்க ஆடியிருந்தா எங்கேயோ போயிருப்பாங்க இல்ல மேடம்?" என்றார். ஆமாம் என்றேன்.

இரண்டு நிமிடம் மீதி. அந்த இடம் வந்தது. அவள் பந்தோடு நின்றாள், எம்பினாள், கையிலிருந்து பந்து கிளம்பியது. கேமரா பந்தோடு போய்விட்டது. கேபிள்காரர் பந்தின் பின்னாலேயே மேலே போய், ரிங்கைக் காட்டி, வலை ஆடுவதைக் காட்டி, கை தட்டும் கூட்டத்தைக் காட்டிவிட்டு நிதானமாகக் கீழே வந்தார். அவள் தரையில் கிடந்தாள். எட்டாம் எண் இடுப்பில் கை வைத்துப் பக்கத்தில் நின்றாள்.

அவ்வளவுதான். ஒன்றுமே இல்லை.

"ஐயோ, முக்கியமான இடத்துல மிஸ் பண்ணிட்டாரே" என்றார் முகிலன். "இங்க நீங்கதான் பேசி ஈடுகட்டணும் மேடம். அந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு."

பிப்ரவரி 20, வியாழன்

இன்று பிரியாணி செய்தேன். அமலனுக்கு ஆச்சரியம், என்ன விசேஷம் என்றார். ஒன்றுமில்லை, தோன்றியது என்றேன். பாட்டுப் பாடிக்கொண்டே வெங்காயம் வதக்கினேன். இருபத்து மூன்று வருடமாக நெஞ்சில் இருந்த பயம் போய்விட்டது. உலகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. நடுவர் பந்தைப் பார்த்தார், கூட்டம் பந்தைப் பார்த்தது, கேமராவும் பந்தைப் பார்த்தது.

ஒரு வாய் வைத்தேன். இறங்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்றால், தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

பிப்ரவரி 22, சனி

அமலனிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தார்.

"இப்ப எதுக்கு ஜெசி? அந்தம்மா சந்தோஷமா இருக்காங்க. உன்னை ஃப்ரெண்டுன்னு நெனச்சுட்டு இருக்காங்க. சொன்னா அதுவும் போச்சு. ஏப்ரல்ல உன் கான்ட்ராக்ட் வேற இருக்கு. நாளைக்கு வெளில தெரிஞ்சா உன்னை எவன் கூப்பிடுவான்?"

எல்லாமே உண்மை. நல்ல மனிதர், என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

"அவ தன்னையே திட்டிட்டு இருக்கா" என்றேன். "பொண்ணைத் தினமும் அம்பது வாட்டி குதிக்க விடறா."

சட்டையை அலமாரியில் வைக்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

எல்லாவற்றையும் இன்றே எழுதிவிட வேண்டும்.

தமயந்தி பட்டுச்சேலையில் வந்திருந்தாள். குரல்தானே பதிவாகும், எதற்கடி பட்டு என்றேன். "வெளிய நின்னு போட்டோ எடுக்கறாங்களாமல்லோ" என்றாள். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து இடது காலைக் கூட்டிச் சேர்த்தாள். நான் பின்னால் ஏறினேன். பன்னிரண்டு படி.

கண்ணாடி அறைக்குள் நாங்கள் இருவரும், வெளியே முகிலனும் யூசுப்பும். முகிலன் ஒரே ஒரு விதி சொன்னார். "மேடம், உங்களையும் எட்டாம் எண்ணுனே சொல்லுங்க. பாக்கறவங்களுக்குக் குழப்பம் வராது."

ஒரு மணி நேரம் பேசினோம். தமயந்தி பிய்த்து உதறினாள். என்னைக் கிண்டல் செய்தாள், நடுவரைக் கிண்டல் செய்தாள், தன் முன்வகிட்டைக் கிண்டல் செய்தாள். "பாருங்க, எட்டாம் நம்பரு என்னையப் புடிக்க வாரா, பஸ்ஸை விட்டவளாட்டம் ஓடி வாரா" என்றபோது யூசுப் வெளியே குலுங்கிச் சிரிப்பது கண்ணாடியில் தெரிந்தது. திரையில் அவள் அம்மா ஒரு விநாடி வந்தார், சுவரோரம். தமயந்தி பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைத் தொட்டாள்.

அந்த இடம் வந்தது. எம்பினாள். பந்து போனது, கேமராவும் போனது.

"அதா, உளுந்துட்டேன்" என்றாள் தமயந்தி. குரல் சின்னதாகிவிட்டது. "என்ற தப்புங்க. இறங்கத் தெரியல."

மைக்கில் நான் பேசினேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கேமரா பந்தோடு போய்விட்டது, அதனால் உங்களுக்குத் தெரியாது. நான் பந்தைப் பார்க்கவில்லை. தமயந்தியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எங்கே இறங்குவாள் என்று எனக்குத் தெரியும். நாலு வருடம் ஒரே மைதானத்தில் அவளோடு ஆடியவள் நான். எம்பிய இடத்திலிருந்து அரை அடி முன்னால், இடது கால் முதலில். எப்போதும் அப்படித்தான். அந்த அரை அடியில் என் காலை வைத்தேன். தெரிந்தே வைத்தேன். அவள் சரியாகத்தான் இறங்கினாள்."

முட்டியில் கேட்ட சத்தத்தையும் சொல்ல நினைத்தேன். முடியவில்லை.

யூசுப் பதிவை நிறுத்தவில்லை. படம் மட்டும் நின்றது. தமயந்தி என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?" என்றாள்.

"ஒரே ஒரு வேலைதானே இருந்துச்சு."

"அது எனக்குந்தான் தெரியும்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கண்ணாடியைத் தட்டி யூசுப்பைக் கூப்பிட்டாள். "தம்பி, கொஞ்சம் பின்னால ஓட்டுங்க. நான் எம்பறதைப் பாக்கோணும்."

ஓட்டினார். பார்த்தாள். இன்னொரு தடவை என்றாள். ஆறு தடவை பார்த்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் சேலைக்குள் அவள் இடது கால் லேசாக அசைந்தது.

"இருவத்திமூணு வருசமா இந்தக் காலைத்தான் ஏசீட்டிருந்தேன்" என்றாள், என்னிடம் இல்லை. "எங்கம்மாவும் ஏசீட்டேதான் போனாங்க. இப்ப அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது?"

முகிலன் கதவைத் திறந்து, இன்றைக்கு இத்தோடு போதும் என்றார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். "ரெண்டு நிமிசம் மிச்சம் இருக்குதல்லோ. போடுங்க."

நான் மைக்கைத் தள்ளிவைத்தேன். அவள் தனியாகப் பேசினாள். ஒரு தடுமாற்றம் இல்லை. "எட்டாம் நம்பர்கிட்டப் பந்து. ஆளே இல்லை முன்னால. போறா. நல்ல ஷாட்டு, ரெண்டு பாயிண்டு." என் கல்லூரி மூன்று பாயிண்டில் ஜெயித்தது. என்னைத் தோளில் தூக்கினார்கள். அதையும் அவள்தான் சொன்னாள். "தூக்கறாங்க. எட்டாம் நம்பரு சிரிக்கறா." "அது எனக்குந்தான் தெரியும்" என்றதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை.

படியில் கை கொடுத்தேன். அவள் கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். வாசலில் நின்று மகளுக்குப் போன் செய்தாள். "சாமி, இன்னிக்குக் குதிக்க வேண்டாம். சும்மா இரு. சாப்பிட்டுப் படு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

பிப்ரவரி 26, புதன்

முகிலன் போன் செய்தார். அந்த இடத்தை வெட்டிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்றார். அவளிடம் கேளுங்கள் என்றேன். பதினைந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

"வெட்டக்கூடாதுன்னு சொல்றாங்க மேடம். ஒரு வார்த்தைகூட."

மார்ச் 2, ஞாயிறு

ஒளிபரப்பானது. நாங்கள் பார்க்கவில்லை. அமலன் டிவி ரிமோட்டைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்தார். ஏழே காலுக்கு முதல் போன் வந்தது, அப்புறம் விடாமல் அடித்தது. அணைத்துவைத்தேன். பழைய வங்கி அணித் தோழி ஒருத்தி, "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்று செய்தி அனுப்பியிருந்தாள். என்னைத் திட்டியிருந்தவர்களை வாசிப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

இந்த மாத ஆட்டங்களுக்கு வேறு ஆள் பேசுகிறார்.

மார்ச் 3, திங்கள்

முகிலன் ஒரு விஷயம் சொன்னார். தமயந்தி அவரிடம் அந்த வீடியோவில் ஒரு சின்னத் துண்டு மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறாள். அவள் எம்புவதிலிருந்து பந்து கையை விட்டுப் போகும் வரை. அதற்கு மேல் ஒரு விநாடிகூட வேண்டாம் என்றாளாம்.

மத்தியானம் அதை அவள் வாட்சப்பில் ஸ்டேட்டஸாக வைத்திருந்தாள். மேலே ஒன்றும் எழுதவில்லை. சாயங்கால வெயிலில் ஐந்தாம் எண் எம்புகிறாள், கை நீள்கிறது, பந்து கிளம்புகிறது, முடிந்துவிடுகிறது. அதில் அவள் இறங்கவே இல்லை.

நாளை மத்தியானம் வரை அது இருக்கும். யார் யார் பார்த்தார்கள் என்று அவளுக்குப் பட்டியல் காட்டும், அதில் என் பெயரும் இருக்கும். எத்தனை தடவை பார்த்தேன் என்று காட்டாது.